மலாக்காவில் கிறிஸ்துமஸ்: வழக்கங்கள் வந்த வழி

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களின் கடைசி வாரத்தில் மலாக்கா நகரின் கடலோரத்தே அமைந்த உஜோங் பாசிருக்குச் செல்வோர், ஆங்குள்ள போர்த்துகீசியக் குடியிருப்பின் வீடுகள் வண்ண விளக்குகளால் ஒளிர்வதைக் காண்பர். முற்றத்தில் குடில், வாயிலில் விண்மீன், உள்ளே பிளாஸ்டிக்கில் செய்த ஊசியிலை மரம், மேசைமீது ரவையும் பாதாமும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்ட சூஜி கேக். பார்க்க வருவோருள் சீனரும் உளர், மலாய்க்காரரும் உளர், பத்து பெரண்டாம் முதலிய சுற்றூர்களிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வரும் தமிழரும் உளர். கண்ட அனைத்தையும் 'கிறிஸ்துமஸ்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். ஆயின் அக்குடில் இத்தாலி நாட்டது, அம்மரம் ஜெர்மானியருடையது, அந்த ரவையின் பெயர் இந்திய மொழியினது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நூற்றாண்டில், ஒவ்வொரு கப்பலில் ஏறி இத்துறைமுகத்தை அடைந்தது.

இவற்றின் வரலாற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் ஏன் இன்றியமையாதது என்னும் வினா எழலாம். நம் தமிழ்ப் பள்ளிகளில் இந்து மாணவரும் கிறிஸ்துவ மாணவரும் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். "கிறிஸ்துமஸ் வெள்ளைக்காரன் பண்டிகைதானே?" என்று ஒரு மாணவன் மற்றவனைக் கேட்பதை ஆசிரியர் பலரும் செவியுற்றிருப்பர். அக்கேள்வி சிறிது வளர்ந்தால், "அப்படியானால் நீ எப்படித் தமிழன்?" என்று ஆகிவிடும். மறுபுறத்தே, வாயிலில் கோலமிடுவதும் குத்துவிளக்கு ஏற்றுவதும் பிற மதத்தார் வழக்கம். ஆதலின் கிறிஸ்துவ வீட்டில் ஆகா என்று தடுக்கும் பெரியோரும் உளர். இவ்விரு சாராரும் எதிரெதிரே நிற்பவர் போல் தோன்றினும், இருவர் கூற்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு வழக்கம் எங்குப் பிறந்ததோ அவ்விடத்தார்க்கே அஃது என்றும் உரியது என்பதே அவ்வடிப்படை. அது வரலாற்றின்முன் நிற்குமா என்பதைக் காண்போம்.

முதற்கண் நாளை எடுத்துக்கொள்வோம். இயேசு பிறந்த நாள் எது என்று விவிலியம் கூறவில்லை. மத்தேயு, லூக்கா ஆகிய இருவர் எழுதிய நற்செய்திகளிலேயே பிறப்பு வரலாறு உளது. அவற்றில் மாதமும் இல்லை, தேதியும் இல்லை. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அலெக்சாந்திரியா கிளெமெந்து என்பார், தம் காலத்துச் சிலர் மே மாதத்து நாளொன்றைக் குறித்தனர் என எழுதுகிறார். டிசம்பர் 25 என்னும் நாள் நமக்கு முதன்முதலில் தெளிவாகக் கிடைப்பது, கி.பி. 354இல் ரோமாபுரியில் தொகுக்கப்பெற்ற ஒரு நாட்காட்டி நூலில். அதன் ஒரு பகுதி 336ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பர் அறிஞர்.

இந்நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் யாது? ரோமர் கொண்டாடிய 'வெல்லற்கரிய ஞாயிறு' என்னும் கதிரவன் விழாவைக் கிறிஸ்துவர் தமதாக்கிக்கொண்டனர் என்னும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. பாடநூல்களிலும் நாளேடுகளிலும் அஃது ஐயமற்ற செய்தியாகவே அச்சேறுகின்றது. ஆனால் ஈண்டு ஒன்றை மாணவர்க்கு எடுத்துக்காட்ட வேண்டும். அவுரேலியன் என்னும் பேரரசன் 274இல் ஞாயிற்றுக்குக் கோயில் எடுத்தது உண்மை. ஆயினும் டிசம்பர் 25இல் ஞாயிற்று விழா நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் முதற்சான்றும் அதே 354ஆம் ஆண்டு நூல்தான். இரண்டு விழாக்களுக்கும் ஒரே ஏடு முதற்சான்றாக இருக்க, எது முந்தியது, எது எதனைப் பின்பற்றியது என்று அறுதியிட்டு உரைத்தல் எளிதன்று. மார்ச் 25ஆம் நாளே இயேசு மரியாளின் வயிற்றில் கருவான நாள் எனக் கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதங்களைக் கணக்கிட்டு டிசம்பர் 25ஐ அடைந்தனர் என்பது மற்றொரு விளக்கம். இரண்டையும் மாணவர்முன் வைத்து, சான்றுகளை எடைபோடச் செய்வதே ஆசிரியரின் கடமை என்பேன். அர்மீனியத் திருச்சபையார் இன்றும் சனவரி 6ஆம் நாளையே பிறப்பு விழாவாகக் கொள்வது, ஒரு நாளில் உலகனைத்தும் உடன்படவில்லை என்பதற்குச் சான்று.

மாரிக்கால நடுவில் கதிரவன் வடதிசை நோக்கித் திரும்பும் நாளாக ரோமர் டிசம்பர் 25ஐக் கருதினர். நாமும் தை முதல் நாளைக் கதிரவன் வடசெலவு தொடங்கும் நாள் என்கிறோம். இரண்டிற்கும் இடையே இன்று மூன்று வார இடைவெளி உளது. விண்மீன்களை அளவாகக் கொண்ட நம் கணிப்பு, பருவங்களினின்று சிறிது சிறிதாக நகர்ந்து வந்ததே அதற்குக் காரணம். ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன்பு, கதிரவன் மகர ராசியுள் புகும் நாளும் அவன் வடக்கே திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன. ரோமாபுரியில் மேற்சொன்ன நாட்காட்டி எழுதப்பெற்ற காலமும் அதனை ஒட்டியதே. இதனைக் கொண்டு ஒரு விழாவினின்று மற்றது தோன்றியது எனக் கூறுவது பெரும் பிழையாகும். ஒரே வானத்தை நோக்கிய மக்கள் வெவ்வேறு இடங்களில் ஒரே திருப்பத்தைக் கண்டனர் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நன்று.

அடுத்து, பெயர். மொழியாசிரியர்களாகிய நமக்கு மிகுந்த சுவை தருவது இப்பகுதியே.

'கிறிஸ்துமஸ்' ஆங்கிலச் சொல். 'கிறிஸ்துவின் பூசை' என்பது அதன் பொருள். ஆங்கிலேயர்க்கு முன்னரே இங்கு வந்த போர்த்துகீசியர் இவ்விழாவை 'நத்தால்' என்றனர். பிறப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது அது. உஜோங் பாசிரில் கிறிஸ்தாங் மொழி பேசுவோர் இன்றும் 'போங் நத்தால்' என்றே வாழ்த்துவர். இந்தோனேசியாவில் அவ்விழா 'ஹரி நத்தால்'. நம் நாட்டு அரசாங்க நாட்காட்டியிலோ 'ஹரி கிறிஸ்மஸ்'. இருவேறு பேரரசுகளின் தடம் இவ்விரு பெயர்களில் பதிந்துள்ளது. இலங்கைத் தமிழரிடையே இதே சொல் 'நத்தார்' ஆயிற்று. பரிசு கொண்டுவரும் முதியவர் அவர்களுக்கு 'நத்தார் பாப்பா'. யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியர் 1619இல் கைப்பற்றி 1658 வரை ஆண்டதன் எச்சம் அது. யாழ்ப்பாணத்தினின்று இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்ற மலாயாவுக்கு வந்தோர் வாயிலாக அச்சொல் இங்கும் ஒலித்தது. ஆக, ஒரே போர்த்துகீசியச் சொல் மலாக்காவிற்கு நேரே ஒரு முறையும், யாழ்ப்பாணத்தைச் சுற்றிக்கொண்டு மறுமுறையும் வந்து சேர்ந்தது எனலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்னும் பகுதியும் இப்பெயர் பெற்றதே. வாஸ்கோ ட காமா 1497ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளையொட்டி அக்கரையைக் கடந்தபோது அப்பெயரை இட்டார். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர் சென்று இறங்கிய கரையும் அதுவே.

இஃது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. தமிழில் மேசை, மலாயில் 'மேஜா'. தமிழில் சன்னல், மலாயில் 'ஜெண்டேலா'. தமிழில் அலமாரி, மலாயில் 'அல்மாரி'. தமிழில் பாதிரி, மலாயில் 'பாடெரி'. நாம் ஏலம் என்பதும், நம்மூர்ச் சந்தையில் 'லேலாங்' எனக் கூவுவதும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் இரு பிள்ளைகள். மலாய் மொழியில் வாரத்தைக் குறிக்கும் 'மிங்கு' என்பது, ஞாயிற்றுக்கிழமைக்குரிய 'தொமிங்கோ' என்பதன் சிதைவு. மலாய்ப் பள்ளியைக் குறிக்கும் 'செக்கோலா'வும் அம்மொழி தந்ததே. மேசையைத் தமிழ் அன்று என்று எந்தத் தமிழ் வீட்டிலும் எவரும் வெளியே எறிந்துவிடவில்லை. சொல்லுக்கு நாம் காட்டும் இப்பெருந்தன்மையைப் பண்டிகை வழக்கத்திற்கு மட்டும் மறுப்பானேன்?

போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது 1511இல். குன்றின்மேல் 1521இல் எழுந்த சிற்றாலயமே பின்னர்ப் புனித பவுல் கோயிலாயிற்று. இன்று அதன் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அங்கு வந்து தங்கியவருள் தமிழர்க்கும் உறவுடையவர் ஒருவர் இருந்தார். அவர் புனித சவேரியார். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிபுரிந்து, மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனனம் செய்து, கையில் மணியொன்றை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தவர் அவர். 1545ஆம் ஆண்டு செப்டம்பரில் மலாக்கா வந்தடைந்து, அம்மன்றாட்டுகளை இங்கு மலாயில் பெயர்க்க முற்பட்டார். 1546 சனவரித் திங்கள் முதல் நாள் அம்போன் தீவை நோக்கிக் கப்பலேறினார். எனவே 1545ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசை அவர் மலாக்காவிலேயே கழித்தார் என்பது உறுதி. தமிழ்க் கரையினின்று வந்த ஒருவர் இக்குன்றின்மேல் நத்தால் கொண்டாடிய அந்நாளில், இங்கிலாந்தினர் எவரும் இக்கரையில் வேர்கொண்டிருக்கவில்லை. 'வெள்ளைக்காரன் பண்டிகை' என்னும்போது நம் மனத்தில் எழும் தோட்டத்துத் துரையின் உருவம் மிகப் பிற்காலத்தது.

குடில் அமைக்கும் வழக்கத்தை உலகெங்கும் கொண்டுசென்றோருள் கத்தோலிக்கத் துறவியர் தலையானவர். அதன் தோற்றம் 1223ஆம் ஆண்டைச் சார்ந்தது. இத்தாலியில் கிரேச்சோ என்னும் மலையூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிசு, வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி ஒன்றை வைத்து, உயிருள்ள எருதையும் கழுதையையும் அருகே நிறுத்தி, நள்ளிரவுப் பூசை நடத்தச் செய்தார். எழுத்தறியா உழவர்க்கு இயேசு பிறந்த எளிமையைக் கண்ணாரக் காட்டுதலே அவர் நோக்கம். இக்காலத்துக் கற்பித்தல் முறையில் காட்சித் துணைக்கருவி என்கிறோமே, அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை! சுவையான செய்தி யாதெனில், நற்செய்தி நூல்களின் பிறப்பு வரலாற்றில் எருதும் இல்லை, கழுதையும் இல்லை. ஏசாயா இறைவாக்கினர் நூலின் வரியொன்றைக் கொண்டு பிற்காலத்தார் சேர்த்தவை அவை. கீழ்த்திசையினின்று வந்த ஞானியர் மூவர் என்பதும் அத்தகையதே. மத்தேயு எண்ணிக்கை கூறவில்லை. காணிக்கை மூன்றாதலின் ஆளும் மூவர் ஆயினர். கூத்தும் கதையும் வளரும் முறையே அஃது என்பதைப் பாரதக் கதையின் பல வடிவங்களை அறிந்த நம் மாணவர் எளிதில் உணர்வர். அக்குடில் கடல் கடந்து வந்து தமிழ்நாட்டில் பனையோலை வேய்ந்துகொண்டது; நம் நாட்டில் அத்தாப்புக் கூரையும் ஏற்றுக்கொண்டது.

1641 சனவரியில் டச்சுக்காரர் மலாக்காவை வென்றனர். அவர்களும் கிறிஸ்துவரே; ஆனால் சிலையும் குடிலும் புனிதர் விழாக்களும் வேண்டா என்னும் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கரின் பொது வழிபாடு தடுக்கப்பெற்றது. மறைவாக வீடுகளிலும் ஊர்ப்புறங்களிலும் கூடி அவர்கள் தங்கள் விழாக்களைக் காத்தனர். கட்டுப்பாடு தளர்ந்தபின் 1710இல் எழுந்த புனித பேதுரு ஆலயமே, இன்றும் வழிபாடு நடைபெறும் கத்தோலிக்க ஆலயங்களுள் நம் நாட்டில் மிகப் பழமையானது. அதன் மணி 1608இல் கோவாவில் வார்க்கப்பெற்றது. ஆட்சி போய், ஆலயம் போய், குருமார் போயும் அறுபதாண்டுகளுக்கு மேலாக ஒரு மக்கள் தம் விழாவைக் கைவிடவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதே காலத்தில் இங்கிலாந்திலேயே கிறிஸ்துமஸ் தடைசெய்யப்பெற்றிருந்தது என்று கூறினால் மாணவர் வியப்பர். 1647இல் தூய்மைவாதிகள் மிகுந்த பாராளுமன்றம் அவ்விழாவை ஒழித்துச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்சுக் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, அந்நாளைக் கொண்டாடியவருக்கு ஐந்து சில்லிங்கு தண்டம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல்தான். விவிலியத்தில் கட்டளை இல்லாத விழா, வேற்றுச் சமயத்தார் வழக்கம் கலந்த விழா என்பதே அவர்கள் கூறிய காரணம். தத்தம் சமயத்தின் தூய்மையைக் காக்கக் கோலத்தைத் தடுப்போர் இன்று கூறுவதும் இதனின் வேறன்று. வெள்ளையர் நாட்டிலேயே வெள்ளையரால் தடுக்கப்பெற்ற பண்டிகை, 'வெள்ளையர் பண்டிகை' என நம்மிடையே பெயர் வாங்கியது!

டச்சுக்காரர் வேண்டா என்றவற்றுள் ஒன்று மட்டும் அவர்தம் வீடுகளிலேயே தங்கிவிட்டது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராய் இருந்தவர் புனித நிக்கோலாஸ். டிசம்பர் 6 அவர் திருநாள். அதற்கு முந்திய இரவில் குழந்தைகளுக்குப் பரிசு வைக்கும் வழக்கத்தை, சபையார் கண்டித்தும், டச்சுத் தாய்மார் விடவில்லை. அவர்கள் நாவில் அவர் 'சிந்தர்கிளாஸ்'. டச்சுக் குடியேற்றமாயிருந்த நியூயார்க்கில் அப்பெயர் 'சாந்தா கிளாஸ்' ஆயிற்று. 1823இல் அந்நாட்டு நாளிதழ் ஒன்றில் வெளிவந்த குழந்தைப் பாடல் அவருக்குக் கலைமான் பூட்டிய வண்டியைத் தந்தது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் பருத்த உடலையும் வெண்தாடியையும் வரைந்து நிலைபெறச் செய்தார். கொக்கோ கோலா நிறுவனம் 1931இல் விளம்பரத்திற்காக அவருக்குச் சிவப்புடை அணிவித்தது என்னும் கதை உண்மைக்கு மாறானது. சிவப்புடை அதற்கு முன்னரே இருந்தது; விளம்பரம் அதனை உலகறியச் செய்தது, அவ்வளவே. துருக்கியில் பிறந்து, ஆலந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பருத்த அம்முதியவரைத் தமிழர் 'கிறிஸ்துமஸ் தாத்தா' என்று உறவுமுறை கூறி வீட்டிற்குள் அழைத்துக்கொண்டது, நம் மொழியின் இயல்புக்கு ஏற்றதே.

ஆங்கிலேயர் வழி வந்தவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதுமைகள். 1605இல் ஸ்திராஸ்பூர்க்கு நகரில் வீடுகளுக்குள் மரம் நிறுத்தி, காகித ரோசாக்களும் ஆப்பிள்களும் தொங்கவிட்டனர் என ஒரு குறிப்பு உளது. ஜெர்மானிய அரசகுமாரியாய்ப் பிறந்த சார்லட்டு அரசியார் 1800இல் விண்ட்சரில் மரம் வைத்தார். எனினும் 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் லண்டன் இதழொன்றில் வெளிவந்தபின்னரே, அது நடுத்தர மக்களின் வீடுகளில் புகுந்தது. வாழ்த்து மடல் 1843இல் பிறந்தது. ஹென்றி கோல் என்பவர், நண்பர் பலர்க்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்மையால் ஓவியர் ஒருவரைக் கொண்டு வரையச் செய்து அச்சிட்டார். பரவலாக அறியப்பெற்ற 'மௌன இரவு' பாடல், 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃபு என்னும் சிற்றூரில், ஒரு குருவானவர் எழுதிய கவிதைக்கு அயலூர்ப் பள்ளி ஆசிரியரான கிரூபர் இசையமைக்கப் பிறந்தது. ஆசிரியர் இனத்திற்கு அதில் ஒரு பெருமை உண்டு.

1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் இரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர், மரமும் வாழ்த்து மடலும் கொண்ட இப்புதுக் கிறிஸ்துமசைத் துரையின் பங்களாவில்தான் முதன்முதல் தொலைவினின்று கண்டனர். 'வெள்ளைக்காரன் பண்டிகை' என்னும் பேச்சு அக்காட்சியிலிருந்து பிறந்திருத்தல் இயல்பே. ஆனால் அதே கப்பல்களில், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துவராய் இருந்த தமிழ்க் குடும்பங்களும் வந்தன. அவர்கள் கொணர்ந்த கிறிஸ்துமசில் துரைமாரின் சாயல் மிகக் குறைவு.

அது யாண்டு உருப்பெற்றது? தமிழ் மண்ணில், நீண்ட வாதங்களுக்கு இடையே. கி.பி. 601இல் திருத்தந்தை முதலாம் கிரகோரியார், இங்கிலாந்தில் சமயம் பரப்பச் சென்றோர்க்கு ஒரு மடல் விடுத்தார். மக்களின் பழைய கோயில்களை இடிக்க வேண்டா. அவற்றைத் தூய்மைசெய்து பயன்கொள்க. அவர்தம் விழாக்களையும் மாற்றியமைத்துத் தொடர விடுக என்பது அதன் கருத்து. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலியார், தமிழ்க் கிறிஸ்துவர் குடுமியும் சந்தனமும் பூணூலும் விடவேண்டுவதில்லை என்றபோது பெரும்பூசல் விளைந்தது. 1623இல் அவர் பக்கம் நின்று இசைவளித்த திருத்தந்தையின் பெயரும் கிரகோரியாரே, பதினைந்தாமவர். ஆங்கிலேயர்க்கு எந்த அளவுகோலோ, தமிழர்க்கும் அதே அளவுகோல் கிட்டியது.

சீர்திருத்தச் சபையாரிடையே இவ்வாதம் தஞ்சையில் எழுந்தது. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்று, தஞ்சையில் ஆசிரியராய்த் திகழ்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். திருக்குற்றாலக் குறவஞ்சியை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். அதே இலக்கிய வகையில், தலைவன் பவனியும் குறத்தியின் குறியும் அமைய, அவர் 1800இல் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். பின்வந்த இளைய மிசனரிமார் சிலர், விழாக்களில் பூச்சூடலும் ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனையும் ஆகா என விலக்க முற்பட்டனர். 1829இல் சாஸ்திரியார் அதனைக் கொடுமை என்று எழுதி எதிர்த்தார். பூவும் பாட்டும் தமிழர் மகிழ்ச்சியின் மொழி. அவற்றைப் பறித்தால் விழாவில் எஞ்சுவது என்ன என்பது அவர் வினா.

அவர் கொடுமை எனப் பட்டியலிட்டவற்றுள், திருவிருந்தில் சாதி பாராது ஒன்றாய் அமரச் செய்ததும் ஒன்றாக இருந்தது. இதனை மறைத்தல் ஆகாது. பூவுக்காக வாதாடிய அதே நாவு சாதிக்காகவும் வாதாடியது வருந்தத்தக்கது. அக்கூற்றில் மிசனரிமார் பக்கமே நியாயம் இருந்தது. பிறப்பிடம் நோக்கி வழக்கத்தை ஏற்பதும் தள்ளுவதும் பொருந்தாது என்கிறோம். அவ்வாறே, 'எங்கள் வழக்கம்' என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. அது மனிதருக்கு என்ன செய்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

கீர்த்தனை நிலைத்தது. இன்று டிசம்பர்த் திங்களில் வீடுவீடாகப் பாடிச்செல்லும் கீத பவனிகளில் ஆர்மோனியத்தோடு கஞ்சிராவும் ஒலிப்பதற்கு அதுவே வேர். 1856இல் கட்டிமுடிக்கப்பெற்ற மலாக்காப் புனித சவேரியார் ஆலயத்தில் தமிழ்ப் பூசை காண்போர், ஜெர்மானிய மெட்டும் கருநாடக மெட்டும் ஒரே வழிபாட்டில் அடுத்தடுத்து ஒலிப்பதைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஊசியிலை மரம் கிட்டாமையால் சவுக்குக் கிளையை நட்டனர். பலகாரத் தட்டிலோ முறுக்கும் அதிரசமும் அச்சுமுறுக்கும் முதலிடம் பெற்றன.

உணவைப் பேசுங்கால், உஜோங் பாசிரின் 'கறி டெபால்' பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தார் இதனைச் 'சாத்தான் கறி' எனப் பெயர்த்துவிட்டனர். விருந்தில் எஞ்சிய இறைச்சியைக் கொண்டு மறுநாள் சமைப்பது என்னும் பொருளிலேயே அப்பெயர் எழுந்தது என அச்சமுதாயத்தார் சிலர் கூறுவர். காரணம் எதுவாயினும், அச்சட்டியுள் இருப்பனவற்றைப் பாருங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தினின்று போர்த்துகீசியர் கொணர்ந்தது. இறைச்சியைக் காடியில் ஊறவைக்கும் பழக்கமும் அவர்களுடையதே. கடுகு இந்தியச் சமையலினது. லெங்குவாசும் செராயும் புவா கெராசும் மலாய் மண்ணில் விளைந்தவை. மலாக்காவின் வரலாற்றை ஐந்நூறு பக்கங்களில் எழுதுவதற்கு மாற்றாக இக்கறியை ஒரு கரண்டி பரிமாறினாலும் போதும்!

நம்மோடு நெருங்கிய மற்றொரு சான்றும் மலாக்காவில் உண்டு. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள், போர்த்துகீசியர்க்கு முன்னரே இங்கு வந்த தமிழ் வணிகரின் வழியினர். அவர்கள் வீட்டுமொழி மலாய். உடையும் உணவும் பெரிதும் மலாய்ச் சாயலின. ஆயினும் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. போகியன்று வாழையிலையில் முன்னோர்க்குப் படையலிடும் 'பார்ச்சு' அவர்கள் இல்லந்தோறும் இன்றும் நிகழ்கிறது. மொழி மாறியும் பொங்கல் மாறவில்லை. போர்த்துகீசிய வழியினரோ சமயத்தையும் விழாவையும் காத்ததோடு மொழியையும் நெடுங்காலம் காத்தனர். இப்போது அவர்தம் இளையோர் ஆங்கிலத்திற்கு மாறிவர, கிறிஸ்தாங் பேசுவோர் தொகை அருகி வருகிறது. மொழியும் விழாவும் ஒன்றையொன்று தாங்கும் என்றே நாம் பாடம் நடத்துகிறோம். எனினும் ஒன்று விழ, மற்றொன்று தனியே நிற்பதும் உண்டு என்பதை இவ்விரு சமுதாயங்களும் காட்டுகின்றன. தமிழ்ப் பள்ளியில் பணிபுரிவோர் இதில் ஆறுதல் கொள்வதா, அச்சம் கொள்வதா என்பது எளிதில் விடை கூறத்தக்கதன்று.

இதுகாறும் கூறிய வழக்கங்கள் அனைத்தும் வெளியினின்று வந்தவை. இம்மண்ணிலேயே பிறந்து கிறிஸ்துமசோடு சேர்ந்துகொண்டது ஒன்று உண்டு. அதுவே 'ரூமா தெர்புக்கா' என்னும் திறந்த இல்ல உபசரிப்பு. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வாயில் திறந்து வைத்து வருவோர்க்கெல்லாம் விருந்தளிக்கும் பழக்கம், தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பரவி, கிறிஸ்துமசுக்கும் உரியதாயிற்று. ரோமாபுரியின் ஏட்டிலும் இல்லை, லண்டன் இதழ்ப் படத்திலும் இல்லை இவ்வழக்கம். டிசம்பர் 25 காலை, ஆலயத்தினின்று திரும்பிய தமிழ்க் கிறிஸ்துவ வீட்டின் தலைவி இரண்டு மேசைகளை விரிக்கிறாள். ஒன்றில் இந்து நண்பர்களுக்கென மரக்கறி உணவு. மற்றொன்றில் முஸ்லிம் நண்பர்கள் உண்ணத்தக்க கோழிக்கறி, ஹலால் கடையில் வாங்கி வேறு பாத்திரத்தில் சமைத்தது. அருகில் முறுக்கும் சூஜி கேக்கும். வாயிலில், மகள் அரிசி மாவால் இட்ட கோலத்தின் நடுவே ஒரு விண்மீன்.